சௌந்தரம் அண்ணனின் சிவப்பு நூல்

அன்று ஒரு நிச்சயதார்த்தத்துக்கு பிரியாணி ஆர்டர். இஞ்சி பூண்டு அரைத்து மிக்ஸியை நிறுத்திய நேரத்தில் போன் அடித்தது. திரையில் ‘சௌந்தரம் அண்ணன்’ என்று வந்தது. அந்த மனுஷர் காலையில் கூப்பிட்டால் காரணம் ஒன்றுதான். ஏதோ ஒன்றுக்குப் பயந்திருப்பார். முந்தின நாள் தூறல் போட்டிருந்தால் மாடிப்படி வழுக்கும் என்பார். பேப்பரில் சிலிண்டர் வெடித்த செய்தி வந்திருந்தால் ரெகுலேட்டரை மூடினீங்களா என்பார். கை முழுக்க விழுது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, “என்ன அண்ணே, இன்னைக்கு எதுக்குப் பயம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“நூரு...” என்றது ஒரு பெண் குரல். அவருடைய மனைவி கமலா அக்கா. “அண்ணன் போயிட்டாருடி. காலைல செடிக்குத் தண்ணி ஊத்தப் போனாரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. ஆட்டோ வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. நான் கேட்ட கேள்வியும் அதில் இருந்த சிரிப்பும் சமையல்கட்டிலேயே நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எதற்கு இந்தப் பயம் என்று அப்போது விளங்கவில்லை.

திண்டுக்கல்லில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் நம் குழுவில் சௌந்தரராஜன் அண்ணனைத் தெரியாதவர் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் தாடிக்கொம்பு. அந்த ஊர்ப் பெருமாள் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். உலகத்தில் உள்ள ஆபத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லி பாலிசி எடுக்க வைப்பதுதான் அந்தத் தொழில். மற்ற ஏஜென்டுகள் அடுத்தவரைப் பயமுறுத்துவார்கள். இவர் தானே பயந்துகொண்டு சொல்வார். அதனால் ஜனங்கள் நம்பினார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். வீட்டுக்காரர் சிக்கந்தருக்குத் தோல் வியாபாரம். அவரிடம் பாலிசி பற்றிப் பேச வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நான் அங்கே அவரைக்காய்ப் பந்தல் போட்டிருந்தேன். அதில் ஒரு கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருக் கம்பி பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. “அம்மா, அந்தக் கொடி கரண்டுக் கம்பியைத் தொடப் போவுது. இன்னும் ஒரு சாண்தான்” என்றார். பாலிசி பேச்சு அங்கேயே நின்றுபோனது. என் சமையல்கட்டுக்கும் தோட்டத்துக்கும் ஏறும் மாடிப்படிக்குப் பக்கக் கம்பி கிடையாது. சுவரில் கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்து மேலே வந்தார். கொடியை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தலில் கட்டினார். இறங்கும்போது மறுபடியும் அதே கூத்து. சிக்கந்தர் கீழே நின்று, “மச்சான், கோணி விரிக்கவா? குதிக்கிறீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கே முறை வைத்துவிட்டார்கள். அவருக்கு நான் தங்கச்சி, என் வீட்டுக்காரர் மாப்ள.

எதற்கெல்லாம் பயப்படுவார் என்று கேட்காதீர்கள். எதற்குப் பயப்பட மாட்டார் என்று கேட்டால் சீக்கிரம் முடியும். நாய், இடி, லிஃப்ட், ஆஸ்பத்திரி வாசனை, பைக்கின் பின் சீட்டு. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் மலைக்கோட்டையில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. கேட்டால், “ஏறுறது கொடியோட வேலை தங்கச்சி. நமக்குக் கீழ நின்னு பாக்குறதுதான்” என்பார். கொடிகளை அவருக்கு ஏன் அப்படிப் பிடித்தது என்று அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். பாகல், புடலை, அவரை, சங்குப்பூ, முல்லை எதுவானாலும் சரி, பிடிமானம் இல்லாமல் ஒரு அடி நகராது. கையில் கம்பு கிடைத்த பிறகுதான் அடுத்த இலையை விடும். அவரும் அப்படித்தான் நடந்தார்.

அதுவரை அவர் செய்த ஒரே துணிச்சல் கொடைக்கானல் பயணம். பாலிசிதாரர் வீட்டுக் கல்யாணம், தட்ட முடியவில்லை. வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டே போனாராம். டீ குடிக்க பஸ் நின்றபோது கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு மண்சரிவு முழுக்க ஆரஞ்சு நிறப் பூ. இலை வட்டமாக, தாமரை இலையைச் சின்னதாக வெட்டி வைத்த மாதிரி. பூவுக்குப் பின்னால் வால் ஒன்று. டீக்கடைக்காரர் அதை நஸ்டர்ஷியம் என்றார். அண்ணன் கீழே உதிர்ந்து கிடந்த விதைகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். சுருங்கிய கொண்டைக்கடலை போல இருக்கும். திரும்பி வரும்போது கண்ணை மூடவில்லையாம். கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

குளிர்ப் பிரதேசத்துச் செடி நம் வெயிலில் எப்படி வரும்? முதல் வருஷம் சித்திரையில் விதைத்தார், முளைத்தது அத்தனையும் கருகியது. அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு விதைத்தார். மார்கழியில் அவர் மாடிச் சுவரெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளும். பார்க்க ஒரு கூட்டமே போனோம். இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதை எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். எனக்கு அந்தப் புத்தி. சமையல்காரிக்கு வாய்தானே கண்.

“துப்புங்க! தங்கச்சி, துப்புங்க!” என்று அலறினார். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“நல்லாத்தான் அண்ணே இருக்கு. கடுகு மாதிரி சுள்ளுனு ஏறுது. சாலட்டுல போடலாம்.”

அன்று சாயங்காலம் வரை போன் மேல் போன். தலை சுத்துதா, வயித்தைப் பிசையுதா, நாக்கு மரத்துப் போச்சா. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தின்னக்கூடிய இலைதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் உடனே தின்னவில்லை. இலையைக் கசக்கி மணிக்கட்டில் தேய்த்துவிட்டு ஒரு நாள் பார்த்தார். பிறகு உதட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு நுனி நாக்கில். முழு இலையைத் தின்பதற்கு அடுத்த மார்கழி வந்துவிட்டது. “நாக்குக்கு அவசரம் ஜாஸ்தி தங்கச்சி. அதுக்கு முன்னாடி கைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்” என்பார். நான் இதை எத்தனையோ பந்தியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான் நூல். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் குழு கூடி விதையும் நாற்றும் மாற்றிக்கொள்வது வழக்கம். கொடிகளுக்கான மேசை அண்ணனுடையது. சின்னாளப்பட்டியில் சேலை நெய்யும் பாலிசிதாரர் ஒருவர் மிச்ச நூலைச் சுருட்டிக் கொடுப்பார். தின்னக்கூடிய கொடிக்கு வெள்ளை நூல், பார்க்க மட்டும் உள்ள கொடிக்குச் சிவப்பு நூல். பொட்டலத்திலும் கட்டுவார், மாடியில் கொடிக்கு ஊன்றிய கம்பிலும் கட்டுவார். கமலா அக்காவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். பெயர் எழுதினால் படிக்க மாட்டார், நிறம் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. நஸ்டர்ஷியத்துக்கு எந்த நூல் என்று அவருக்குப் பெரிய குழப்பம். கடைசியில் வெள்ளையே கட்டினார், மனசில்லாமல். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, மாடியில் உள்ள எல்லா நூலையும் அவிழ்த்துவிட்டுப் புதிது கட்டுவார்.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆடியில் நான் வெற்றிலைவள்ளிக் கிழங்கு கேட்டிருந்தேன். வெற்றிலை மாதிரி இலை விட்டுப் படரும் கொடி, கிழங்கு மாவாக இருக்கும் என்பார்கள், நான் பார்த்ததில்லை. அண்ணன் வரவழைத்து வெள்ளை நூல் கட்டி வைத்திருந்தார். அதே நாளில் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து பழனிச்சாமி என்கிற விவசாயி வந்திருந்தார். அவர் தோட்டத்தில் கண்வலிக் கிழங்கு பயிர். அதுதான் செங்காந்தள். விதை மருந்துக் கம்பெனிக்குப் போகும். செடி அத்தனையும் விஷம். கிழங்கு இன்னும் மோசம், வேகவைத்தாலும் போகாத விஷம். பூ மட்டும் தீயைக் கொளுத்தி வைத்த மாதிரி அவ்வளவு அழகு. “பூவுக்காகக் கொண்டாந்தேனுங்க, மாடியில வெச்சா அம்சமா இருக்குமுங்க” என்று ஒரு பையை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அதற்குள் இருந்த பொட்டலங்களை அவர் தோட்டத்து வழக்கப்படி வெள்ளைச் சணலில் கட்டியிருந்தார். கூட்டம் நெரிந்தது. யாரோ பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் வெள்ளை முடிச்சைப் பார்த்தார், ஒரு பொட்டலத்தை எடுத்தார், “இந்தாங்க தங்கச்சி, உங்க வள்ளி” என்று என் கையில் கொடுத்தார்.

விதைக்கிழங்கு என்றால் நட வேண்டும். நான் ஒன்றை நட எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சமைக்கிறவள். மறுநாள் திங்கட்கிழமை. வேகவைத்து, தோலுரித்து, கடுகு, வரமிளகாய் தாளித்தேன். திங்களும் வியாழனும் நான் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு வைக்கும் நாள். அதனால்தான் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அடுப்பில் இருக்கும்போதே பாதியைத் தின்றிருப்பேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு சிக்கந்தர் வந்தார். நின்றபடியே சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். “லேசாக் கசக்குதே” என்றார். “மண்ணு வாகு அப்படி. உப்பு போட்டுக்கங்க” என்றேன். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. எத்தனை தடவை அடித்ததோ, குக்கர் சத்தத்தில் கேட்கவில்லை.

படியில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. சௌந்தரம் அண்ணன். சுவரைப் பிடிக்கவில்லை, உட்காரவில்லை, பக்கக் கம்பி இல்லாத அந்தப் படியில் தடதடவென்று ஏறி வந்து, செருப்புக் காலோடு சமையல்கட்டுக்குள் நுழைந்து, மாப்ள கையில் இருந்த தட்டைத் தட்டிவிட்டார். கிழங்கு தரையெல்லாம் சிதறியது.

“எம்புட்டுத் தின்னீங்க? மாப்ள, எம்புட்டுத் தின்னீங்க?”

“ரெண்டு துண்டு மச்சான். ஏன், உங்களுக்கு வேணுமா?”

“தங்கச்சி, நீங்க?”

“எனக்கு நோன்பு அண்ணே. என்னண்ணே ஆச்சு?”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலையில் தன் மாடியில் நடுவதற்காக இன்னொரு பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். உள்ளே இருந்த கிழங்கு கலப்பை மாதிரி ரெண்டாகக் கவைத்திருந்தது. வெற்றிலைவள்ளி அப்படி இருக்காது. பழனிச்சாமியைக் கூப்பிட்டு உறுதி செய்திருக்கிறார். பிறகு மேசைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் போன். எல்லோரும் எடுத்தார்கள், நான் மட்டும் எடுக்கவில்லை. ஆட்டோ கிடைக்காமல், அடுத்த வீட்டுப் பையன் பைக்கில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன கிழங்கு என்று. அண்ணன் பைக்குள் கையை விட்டு அந்தக் கவைக்கிழங்கை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வயிற்றைக் கழுவினார்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று உடம்பு சொல்லும் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். சிக்கந்தரோ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணுமே இல்ல, ரெண்டு பேரும் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?” என்று கேலி பேசிக்கொண்டிருந்தார். அதைவிடப் பயங்கரம் ஒன்றும் இல்லை. விஷம் உள்ளே போயிருக்கிறது, ஆள் சிரித்துக்கொண்டிருக்கிறார். இப்போதா, இன்னும் செத்த நேரத்திலா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இருமினால் எனக்கு உயிர் போயிற்று.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. பிறகு நிற்கவே இல்லை.

வராந்தாவில் அண்ணன் சுவரோரமாக நின்றிருந்தார். ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழுகிறவர். முகத்தில் ரத்தம் இல்லை. நான் போய் அவர் எதிரே நின்று, “உங்க நூலு! நூலு, நூலுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே! இப்ப பாருங்க!” என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அவர் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. பழனிச்சாமி மேல் போடவில்லை, கூட்டத்தின் மேல் போடவில்லை. “நூலை நம்பிட்டேன் தங்கச்சி. பிரிச்சு, கண்ணால பாத்திருக்கணும்” என்றார். அடுத்து, “என்னை அப்புறமா ஏசுங்க. எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க. இப்பப் போயி, ஒண்ணுக்குச் சரியாப் போவுதான்னு டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேளுங்க” என்றார். போய்க் கேட்டேன். அவர் சொன்னதற்காகவே மறுபடியும் மறுபடியும் கேட்டேன். சிறுநீர் குறைகிறது என்பதை நாங்கள் கேட்டதால்தான் சீக்கிரம் கவனித்தார்கள் என்று நான் இன்றும் நினைக்கிறேன். கமலா அக்கா கஞ்சியும் துணியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அண்ணன் மட்டும் அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை.

அல்லாஹ் கைவிடவில்லை. சிக்கந்தர் எழுந்து உட்கார்ந்தார், வீட்டுக்கு வந்தார். வந்த பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அந்த விஷத்தின் குணம் அப்படியாம். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “மச்சான், உங்க கிழங்கு என் மண்டையில களையெடுத்துருச்சு” என்றார். நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. முடி திரும்ப முளைக்கும் வரை வாரம் தவறாமல் வந்து, கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுப் போனார்.

இனிமேல் மேசைப் பக்கமே வர மாட்டார் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். அடுத்த ஆடியில் அவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, வாங்குகிறவர் கையில் கொட்டி, இது இன்னது என்று சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லி, பிறகு கட்டிக் கொடுத்தார். வரிசை தெருவரை நின்றது. “அவரை விதை வாங்க ஒரு பகலே போயிரும்போல” என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அதைவிட அதிசயம் ஒன்று. அந்தக் கவைக்கிழங்கை டாக்டர் மேசையிலிருந்து திரும்ப வாங்கி வந்து, தன் மாடியில் ஒரு தொட்டியில் நட்டு வைத்தார். கம்பில் சிவப்பு நூல். கொடி ஏறி, இலை நுனியால் கம்பைச் சுற்றிப் பிடித்து, கார்த்திகையில் பூத்தது. எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது. “ஏன் அண்ணே, இதைப் பிடுங்கி எறியாம வளக்குறீங்க?” என்று கேட்டேன்.

“பயப்படுற பொருளை எங்கயோ எறிஞ்சுட்டா, அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது தங்கச்சி. இங்கயே இருந்தா தெரியும்.”

எல்லாவற்றுக்கும் பயந்த மனுஷர் தன் நெஞ்சுவலிக்குப் பயப்படவில்லை. தை பிறந்ததிலிருந்தே படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. “வாயுடி, இஞ்சி தட்டிப் போடு” என்றாராம் கமலா அக்காவிடம். என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிருப்பேன். எனக்கு இன்னும் அவர்மேல் கோபம்தான். ஊரார் வீட்டு சிலிண்டருக்கெல்லாம் பயந்தீர்களே அண்ணே, உங்களுக்காகக் கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதா?

பால் தெளித்த அன்று மதியம் நான் போயிருந்தேன். வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். வேடசந்தூரிலிருந்து வந்திருந்த கமலா அக்காவின் தங்கை வசந்தா, வந்தவர்களுக்குச் சாம்பார் வைக்க ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து பறித்த அவரைக்காய் ஒரு தட்டில் இருந்தது. பக்கத்தில் கழுவி வைத்த கிழங்கு நாலைந்து. வெள்ளையாக, புதிதாக, ரெண்டாகக் கவைத்து. வசந்தா கையில் அரிவாள்மனை.

“வைங்க கீழ!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “தொடாதீங்க! யாராச்சும் வாயில வெச்சீங்களா? பச்சையாக் கடிச்சுப் பாத்தீங்களா?”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வசந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னக்கா, இழவு வீட்டுல வந்து இப்படிக் கத்துறீங்க? காஞ்ச தொட்டியில கிடந்துச்சு. வள்ளிக்கிழங்கு. வெஞ்சனத்துக்கு ஆகுமேன்னு தோண்டினேன். வெள்ளை நூலுதான் கட்டியிருந்துச்சு. வெள்ளைன்னா திங்கிறதுன்னு அத்தானே சொல்லியிருக்காக.”

“இது கண்வலிக் கிழங்கு. விஷம்.”

“அம்புட்டுக்கும் பயப்படுற மனுஷன், விஷத்தையா வீட்டுல வெச்சிருப்பாக?”

அக்கம்பக்கத்துப் பெண்கள் வசந்தா பக்கம்தான் தலையசைத்தார்கள். கமலா அக்கா கண்ணைச் சுருக்கிக் கிழங்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. எனக்குமே ஒரு நொடி ஆட்டம் கண்டது. அன்றைக்கு நானும் இதையேதான் வள்ளி என்று நம்பி வேகவைத்தேன். இப்போது மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன்? “நான் வார வரைக்கும் அதைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

நஸ்டர்ஷியம் எல்லாம் மாசி வெயிலில் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. மூலையில் அந்தத் தொட்டி, தோண்டிய மண், ஊன்றிய கம்பு. கம்பில் நூல். வசந்தா சொன்னது சரிதான். வெள்ளை. அண்ணனா வெள்ளையைக் கட்டினார்? கம்பைப் பிடுங்கிக்கொண்டு கீழே வந்து, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். அவர் போட்ட முடிச்சு சுலபத்தில் அவிழாது. நகத்தால் நெம்பினேன், பல்லால் இழுத்தேன்.

முடிச்சுக்குள்ளே வெயில் படாத இடத்தில் நூல் சிவப்பாக இருந்தது. குங்குமச் சிவப்பு. வெளியே தெரிந்த நூல் மட்டும் ஒரு வருஷ வெயிலில் வெளுத்திருந்தது. இந்தப் பொங்கலுக்கு அவர் மாடி நூலை மாற்றவில்லை. மூச்சு வாங்கியதால் மாற்றவில்லை.

வசந்தா அரிவாள்மனையை மெதுவாகத் தள்ளி வைத்தாள். கமலா அக்கா அந்த நூலைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, அண்ணன் போன நாளிலிருந்து அழாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அன்று காலை போனில் எனக்கு வந்த பயம் எதற்கு என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது விளங்கியது. நமக்காகப் பயப்பட ஒரு ஆள் இருந்தார். அவர் இருந்த தைரியத்தில் நான் எதையும் வாயில் போட்டேன். இனி அந்த ஆள் இல்லை.

அவருடைய நஸ்டர்ஷியத்திலிருந்து உதிர்ந்த விதைகளைப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறேன், ஐப்பசியில் விதைப்பேன். அந்த நூல் கமலா அக்காவிடம் இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய பயம். சமையல்கட்டில் எதை எடுத்தாலும் கை முதலில் மணிக்கட்டுக்குப் போகிறது. சிக்கந்தர் கேலி பண்ணுகிறார். பண்ணட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாடியில் சௌந்தரம் அண்ணன் கட்டிய நூல் இருந்தால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்றே முடிச்சை அவிழ்த்து உள்ளே பாருங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். சமைத்துக்கொண்டிருந்தாலும் எடுப்பேன். போன் இப்போது அடுப்புப் பக்கத்திலேயே இருக்கிறது.